ஜனவரி முதல் நாள் யாருடைய நாள்?



சுவரில் தொங்கும் தினத்தாள் காலண்டரில் இன்னும் சில தாள்களே மிஞ்சியிருக்கின்றன. கடைக்காரர் கொடுத்த புதுக் காலண்டர் சுருட்டியபடியே அலமாரியின் மேல் காத்திருக்கிறது. கோவிலில் 31ம் தேதி இரவு நன்றி வழிபாட்டுக்கும் நள்ளிரவுத் திருப்பலிக்கும் பாடகர் குழு ஒத்திகை பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காணாத முகங்களையும் அன்றிரவு நாம் காண்போம். உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்பவர்களும் இருப்பார்கள்.

நம் ஊர்ப்பக்கம் இந்த நாளை ‘ஆங்கிலப் புத்தாண்டு’ என்கிறார்கள். சித்திரை முதல் நாள் தமிழருக்கு, ஜனவரி முதல் நாள் கிறிஸ்தவர்களுக்கு என்று எண்ணிக்கொள்ளும் அண்டை வீட்டார் பலர், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சொல்வதுபோலவே இதற்கும் நமக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொல்கிறார்கள். நாமும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறோம். அந்த அன்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜனவரி முதல் நாள் உண்மையில் நம்முடைய விழாதானா? திருவழிபாட்டின்படி பார்த்தால் நமக்குப் புத்தாண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்றே பிறந்துவிட்டது. அது மட்டுமல்ல, பல நூற்றாண்டுகளாகத் திருஅவை இந்த நாளைக் கொண்டாடவில்லை. சில இடங்களில் இந்த நாளில் நோன்பு இருந்தது. அந்தக் கதையை இன்று நாம் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஜனவரி என்ற பெயரே ஜேனஸ் என்ற உரோமைத் தெய்வத்தின் பெயர். வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய தெய்வம் அது. ஒரு முகம் பின்னே பார்க்க, மறு முகம் முன்னே பார்க்கும் சிலை. பழைய உரோமையரின் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கியது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று பொருள் வருவது அதனால்தான். கி.மு. 153 முதல் உரோமையின் ஆட்சித்தலைவர்கள் ஜனவரி முதல் நாள் பதவியேற்கத் தொடங்கினார்கள். ஜூலியஸ் சீசர் நாள்காட்டியைச் சீர்படுத்தி, கி.மு. 45ன் ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டில், குழம்பிப்போன கணக்கை நேராக்க, 445 நாள்களை ஒரே ஆண்டில் அடைக்க வேண்டியிருந்தது! வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் அந்த ஆண்டு என்ன பாடுபட்டார்களோ.

அந்த நாளில் உரோமையர் ஒருவருக்கொருவர் ‘ஸ்த்ரேனே’ என்ற பரிசு கொடுத்துக்கொண்டார்கள். பேரீச்சை, அத்தி, தேன், பிறகு காசு. ஆண்டு முழுவதும் வாழ்வு இனிக்கட்டும் என்பது அதன் பொருள். இரவில் விளக்கு, கடைவீதியில் அலங்காரம், குடி, முகமூடி ஆட்டம், நாடக அரங்கு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருந்தது: முதல் நாள் எப்படியோ, ஆண்டு முழுவதும் அப்படியே. அன்று வயிறு நிறைந்தால் ஆண்டெல்லாம் நிறையும். அன்று கையில் காசு வந்தால் ஆண்டெல்லாம் வரும். இதைக் கேட்கும்போது நமக்கு எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? “முதல் நாளும் அதுவுமா அழாதே”, “முதல் நாளே கடன் கொடுக்காதே” என்று நம் வீடுகளிலும் சொல்லக் கேட்டிருக்கிறோமே.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம் அருள்பணியாளராக இருந்தார். பொன்வாய் என்று பெயர் பெற்ற பேச்சாளர். இந்தப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தைப் பற்றி அவர் ஆற்றிய மறையுரை நமக்குக் கிடைத்திருக்கிறது. முதல் நாளன்று குடித்துக் களித்தால் ஆண்டு முழுவதும் களிப்பாகும் என்று நம்புவதைவிட அறியாமை வேறில்லை என்று அவர் சொன்னார். ஆண்டு நல்லதாவது நாளின் ராசியால் அல்ல, நாம் அந்த நாளில் செய்வதால் என்பது அவருடைய வாதம். நன்மை செய்தால் எந்த நாளும் நல்ல நாள். தீமை செய்தால் முதல் நாளும் கெட்ட நாள். கடைவாசலில் விளக்கேற்றிப் போட்டி போடுகிறவர்களைப் பார்த்து, உள்ளத்தில் விளக்கேற்றுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தியோக்கிய மக்கள் கைதட்டியிருப்பார்கள். அவருடைய மறையுரைக்கு மக்கள் கைதட்டுவது வழக்கம். கைதட்டிவிட்டு எத்தனை பேர் நேராக மதுக்கடைக்குப் போனார்களோ, நாம் கணக்கெடுக்க வேண்டாம். நம்முடைய டிசம்பர் 31ம் தேதி இரவுகளின் கணக்கே நமக்குப் போதும்.

அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில் இன்னொரு ஆயர் இதே சிக்கலோடு போராடினார். புனித அகுஸ்தினார். ஜனவரி முதல் நாளில் அவர் ஆற்றிய மறையுரை ஒன்று சுருக்கமான வடிவில் நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. 1990ல் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா டொல்போ, ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்தில் இருந்த 15ம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் அகுஸ்தினாரின் 26 மறையுரைகளை அடையாளம் கண்டார். அவற்றில் பல அதுவரை உலகம் அறியாதவை. சில, துண்டுகளாக மட்டும் தெரிந்தவை. அந்தக் கட்டில்தான் இந்தப் புத்தாண்டு மறையுரையின் முழு வடிவமும் கிடைத்தது. 404ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஆற்றப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். வாய்விட்டுப் படித்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்நாளில் ஆயர் உட்கார்ந்து பேசுவார், மக்கள் நின்று கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் பங்குத்தந்தையின் மறையுரை இருபது நிமிடத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நாம், அந்த மக்களைக் கொஞ்சம் வணங்கவே வேண்டும்.

ஏன் அத்தனை நீளம்? தெருவில் ஆட்டமும் பாட்டமும் நடந்துகொண்டிருந்தன. மக்களைக் கோவிலுக்குள் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருக்கவே அவர் நீட்டிப் பேசினார் என்று சிலர் கருதுகிறார்கள். அன்று பாடப்பட்ட 106ம் திருப்பாடலில், வேற்றினத்தாரிடையே இருந்து எங்களைக் கூட்டிச் சேர்த்தருளும் என்று இறைவனை மன்றாடும் பகுதியை எடுத்துக்கொண்டு அவர் தொடங்கினார். நீங்கள் இப்போது பாடியதை உண்மையாகவே பாடினீர்களா என்பதுதான் அவருடைய கேள்வி. கூட்டிச் சேர்க்கப்பட்டவர்கள் என்றால், வாழ்விலும் வேறுபாடு தெரிய வேண்டும் அல்லவா? அவர்கள் பரிசுகள் கொடுக்கட்டும், நீங்கள் ஏழைகளுக்குத் தர்மம் கொடுங்கள். அவர்கள் அரங்குக்கு ஓடட்டும், நீங்கள் கோவிலுக்கு வாருங்கள். அவர்கள் குடிக்கட்டும், நீங்கள் நோன்பிருங்கள். இந்தப் பொருள்பட அவர் பேசினார். கொண்டாடுகிறவர்கள் திருப்பிக் கிடைக்கும் என்றே கொடுக்கிறார்கள். திருப்பித் தர முடியாதவருக்குக் கொடுப்பதே கிறிஸ்தவரின் புத்தாண்டுக் கொடை என்பது அவர் நிலை.

ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மேடையில் நின்று பிறரைச் சாடும் மனிதராக அகுஸ்தினார் பேசவில்லை. இளமையில் அவரே சோதிடர்களிடம் போனவர். நண்பர்கள் எவ்வளவு சொல்லியும் அந்த நூல்களை விடாதவர். அவருடைய மனத்தை மாற்றியது பிர்மீனுஸ் என்ற நண்பர் சொன்ன ஒரு வீட்டுக் கதை. பிர்மீனுசின் தாய் கருவுற்றிருந்தபோது, தந்தையின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணும் கருவுற்றிருந்தாள். தந்தையும் நண்பரும் சோதிடப் பித்து பிடித்தவர்கள். நாயும் பூனையும் குட்டி போட்டால்கூட நேரம் குறித்து வைக்கிறவர்கள். இரண்டு குழந்தைகளும் ஒரே கணத்தில் பிறந்தன. ஒரே ஜாதகம், கட்டம்கூட மாறவில்லை. பிர்மீனுஸ் செல்வத்திலும் கல்வியிலும் வளர்ந்தார். அடிமையின் பிள்ளை அடிமையாகவே உழைத்தது. இந்தக் கதையைக் கேட்டபின் அகுஸ்தினாருக்குச் சோதிடத்தின் மேல் இருந்த பிடிப்பு அறுந்தது. ‘ஒப்புகைகள்’ என்ற தம் நூலில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

டிசம்பர் மாதம் வந்தால் நம் வார இதழ்கள் புத்தாண்டு ராசிபலனை இணைப்பாகத் தருகின்றன. ஞானஸ்நானம் பெற்ற நம் வீடுகளிலும் அந்தப் பக்கம் படிக்கப்படாமல் போவதில்லை, “சும்மா பார்த்தேன்” என்ற முன்னுரையோடு. சரி, நாம் ராசிபலன் பார்ப்பதில்லை, வாக்குத்தத்த அட்டைதான் எடுக்கிறோம் என்று சிலர் சொல்லலாம். தட்டில் குவித்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, இந்த ஆண்டு ஆண்டவர் எனக்குச் சொன்னது இது என்று நெஞ்சில் ஒற்றிக்கொள்ளும் பக்தி எளிய பக்தி. நாமும் எடுத்திருக்கிறோம். ஆனால் அகுஸ்தினார் காலத்திலேயே நற்செய்தி நூலின் பக்கங்களைக் குறி பார்ப்பதுபோல் திறந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். ஜனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தொடுகிறார். பேய்களிடம் ஓடிக் கேட்பதைவிட இது மேல்தான். ஆனாலும் நிலைவாழ்வைப் பற்றிப் பேசும் வார்த்தையை உலகக் காரியங்களுக்குக் குறியாக்குவது தமக்குப் பிடிக்கவில்லை என்கிறார். அட்டையில் துன்பத்தைத் தாங்கச் சொல்லும் வசனம் வந்துவிட்டால் அதை மெல்லத் தட்டில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கும் நம் விரல்களுக்கு அவர் சொல்வது நன்றாகவே புரியும்.

கொண்டாட்டம் அத்தனை எளிதாக அடங்கவில்லை. 567ல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம், இந்தப் பழைய வழக்கத்தை மிதித்து ஒழிக்க முன்னோர் ஜனவரித் தொடக்க நாள்களில் மன்றாட்டுமாலைகளை ஏற்படுத்தினார்கள் என்று நினைவுபடுத்தியது. கிறிஸ்து பிறந்த எட்டாம் நாள் என்பதால், இயேசுவுக்கு விருத்தசேதனம் செய்து பெயரிட்டதை நினைவுகூரும் திருப்பலியும் அந்த நாளில் இடம் பிடித்தது. தெருவில் ஜேனசின் நாள், கோவிலில் குழந்தை இயேசு முதல் துளி இரத்தம் சிந்திய நாள்.

இன்னொரு வழியும் இருந்தது. ஜனவரியே வேண்டாம் என்று பல கிறிஸ்தவ நாடுகள் ஆண்டின் தொடக்கத்தையே மாற்றிக்கொண்டன. பிளாரன்சும் இங்கிலாந்தும் மார்ச் 25ல், அதாவது அன்னை மரியாவுக்கு வானதூதர் மங்களவார்த்தை சொன்ன விழாவில், புத்தாண்டைத் தொடங்கின. வெனிஸ் மார்ச் முதல் நாளில். பிரான்சு பல காலம் உயிர்ப்பு விழாவில். உயிர்ப்பு விழா ஆண்டுதோறும் இடம் மாறுவதால், சில ஆண்டுகளில் ஒரே தேதி இரண்டு முறை வந்தது! பிரான்சு 1564ல் பிறந்த ஆணையால் ஜனவரிக்குத் திரும்பியது. ஸ்காட்லாந்து 1600ல். இங்கிலாந்து 1752ல்தான்.

ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பது ஒரு கேள்வி. எதிலிருந்து எண்ணுகிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 525ல் உரோமையில் வாழ்ந்த துறவி டயோனீசியுஸ் உயிர்ப்பு விழாவின் தேதிகளைக் கணக்கிட்டு ஓர் அட்டவணை தயாரித்தார். தம்மைத் தாழ்த்தி ‘சிறியவன்’ என்று பெயர் சேர்த்துக்கொண்டவர். அன்றைய அட்டவணைகள் டயோக்ளேசியன் பேரரசன் அரியணை ஏறிய 284ம் ஆண்டிலிருந்து எண்ணின. 303ல் தொடங்கித் திருஅவை கண்ட மிகக் கொடிய கலாபனையை நடத்தியவன் அவனே. விவிலியங்களை எரித்தவன், கோவில்களை இடித்தவன், மறைசாட்சிகளைக் கொன்றவன். கிறிஸ்து உயிர்த்த விழாவின் தேதியை அவன் பெயரிலா எண்ணுவது? டயோனீசியுசுக்கு மனம் ஒப்பவில்லை. பழைய அட்டவணை டயோக்ளேசியன் ஆண்டு 247ல் முடிந்திருந்தது. அவர் அடுத்த வரியில் 248 என்று எழுதவில்லை. ஆண்டவர் மனிதரான 532ம் ஆண்டு என்று எழுதினார்.

அவருடைய கணக்கு சற்றுப் பிசகியதுதான். பெரிய ஏரோது கி.மு. 4ல் இறந்தான் என்பதே பெரும்பாலான வரலாற்றறிஞர்களின் கருத்து. எனவே இயேசு அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் துறவியின் அந்த ஒரு வரி நிலைத்தது. இங்கிலாந்தின் புனித பீட் 731ல் முடித்த தம் வரலாற்று நூலில் அதைப் பயன்படுத்தினார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. எகிப்தின் கோப்து கிறிஸ்தவர்களோ வேறு விதமாகச் செய்தார்கள். டயோக்ளேசியனின் ஆண்டெண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு ‘மறைசாட்சிகளின் ஆண்டு’ என்று பெயர் சூட்டினார்கள். கொன்றவனின் ஆண்டு கொல்லப்பட்டவர்களின் ஆண்டாயிற்று. இன்றும் அவர்கள் அப்படியே எண்ணுகிறார்கள். இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், நம் மனம் ஏனோ எகிப்தியரின் பக்கமே சாய்கிறது.

சீசரின் நாள்காட்டியிலும் ஒரு சிறு பிழை இருந்தது. ஆண்டுக்குப் பதினோரு நிமிடம். 325ல் நிசேயா சங்கம் கூடியபோது மார்ச் 21ல் இருந்த சம இரவு நாள், 16ம் நூற்றாண்டில் மார்ச் 11க்கு வந்துவிட்டது. உயிர்ப்பு விழாவின் கணக்கு இதனால் தடம் மாறியது. மருத்துவர் அலோசியுஸ் லிலியுஸ் வகுத்த திட்டத்தையும், இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியுசின் உழைப்பையும் கொண்டு, திருத்தந்தை 13ம் கிரகோரி 1582 பிப்ரவரி 24ல் ஆணை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், மங்களவார்த்தை விழாவிலிருந்து ஆண்டை எண்ணும் வழக்கத்தின்படி அந்த ஆணையில் எழுதப்பட்ட ஆண்டு 1581. காலத்தைத் திருத்திய ஆணையே பழைய கணக்கில்தான் தேதி போட்டுக்கொண்டது.

1582 அக்டோபர் 4ம் தேதி வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, அக்டோபர் 15. நடுவே பத்து நாள்கள் இல்லை. அந்த ஓர் இரவில்தான் ஸ்பெயினின் ஆல்பா தே தோர்மெஸ் மடத்தில் புனித அவிலா தெரேசா உயிர் நீத்தார். நான்காம் தேதி இறந்தவரின் விழாவை நாம் அக்டோபர் 15ல் கொண்டாடுவது அதனால்தான்.

இங்கிலாந்து அந்தத் திருத்தத்தை 170 ஆண்டுகள் ஏற்கவில்லை. இதன் விளைவு நம் சென்னைக் கரையிலும் தெரிந்தது. 1640களில் சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடிய அதே நாளில், சில மைல் வடக்கே புனித ஜார்ஜ் கோட்டை ஆங்கிலேயரின் நாள்காட்டியில் டிசம்பர் 15தான். ஒரே கடற்கரை, ஒரே சூரியன், இரண்டு தேதி. 1752ல் ஆங்கிலேயரின் கணக்கில் செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 ஆனபோது இந்த வேறுபாடு தீர்ந்தது. ஆக, ‘ஆங்கிலப் புத்தாண்டு’ என்று நாம் சொல்லும் ஜனவரி முதல் நாள் ஆங்கிலேயருக்கே சட்டப்படி புத்தாண்டாகி முந்நூறு ஆண்டுகள் நிறையவில்லை.

அப்படியானால் இன்று கோவிலில் நாம் கொண்டாடுவது எதை? 1969ல் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது, ஜனவரி முதல் நாள் இறைவனின் தாயாகிய அன்னை மரியாவின் பெருவிழா ஆயிற்று. உரோமைத் திருஅவையில் மிகப் பழங்காலத்தில் இந்த நாள் அன்னைக்கு உரியதாக இருந்தது. அதுவே திரும்ப வந்தது. அதற்கு முன்பே, 1967 டிசம்பர் 8ல், புனித ஆறாம் பவுல் ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஜனவரி முதல் நாளை உலக அமைதி நாளாகக் கடைப்பிடிக்க வேண்டும், கத்தோலிக்கர் மட்டுமல்ல, அமைதியை விரும்பும் எல்லாரும் இதைத் தமதாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலம். அந்த டிசம்பர் 23ல் அமெரிக்க அதிபர் ஜான்சன் வத்திக்கானுக்கு வந்து திருத்தந்தையைச் சந்தித்தார்.

1968 ஜனவரி முதல் நாள் முதலாவது உலக அமைதி நாள். அதே மாத இறுதியில் வியட்நாமியரின் புத்தாண்டான தெத் விழா வந்தது. விழாவுக்காக இரு தரப்பும் போர்நிறுத்தம் அறிவித்திருந்தன. வீரர்கள் பலர் விடுப்பில் வீடு போயிருந்தார்கள். ஜனவரி 30ல் தொடங்கி, அந்தப் புத்தாண்டு வேளையிலேயே, தென் வியட்நாமின் நகரங்கள் எங்கும் தாக்குதல் வெடித்தது. போர் முடிய 1975 ஆயிற்று. அமைதி நாளின் முதல் மாதமே இப்படி முடிந்தது. திருத்தந்தை தோற்றுவிட்டார் என்று எவரும் சொல்லியிருக்கலாம். ஆனால் மறு ஆண்டும் அதே நாளில் அமைதிச் செய்தி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டும். இன்றுவரை ஓர் ஆண்டும் நிற்கவில்லை.

நம் கரையில் ஒரு புத்தாண்டு இருக்கிறது. அதை நாம் மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி, யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது. காலைத் திருப்பலி வேளையில் அலை வந்தது. வேளாங்கண்ணியில் கடற்கரையில் இருந்த திருப்பயணிகளை அள்ளிக்கொண்டு போனது. இலங்கையின் மாத்தறையில் திருப்பலி நடந்துகொண்டிருந்த கோவிலுக்குள்ளேயே புகுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐந்தே நாளில் ஆண்டின் கடைசி இரவு.

அந்த இரவில் நன்றி வழிபாடு எப்படிச் செய்வது? கடந்த ஆண்டின் நன்மைகளுக்காக நன்றி என்று எந்த வாயால் சொல்வது? கரையோரப் பங்குகளைச் சேர்ந்த நம்மில் பலருக்கு அந்தக் கேள்வி புத்தகக் கேள்வி அல்ல. பிள்ளையை மணலில் புதைத்த தாய்க்கு யார் மறையுரை சொல்வது? அந்தப் புத்தாண்டுக்கு இரண்டாம் யோவான் பவுல் தந்த அமைதிச் செய்தி, அலைக்கு முன்பே டிசம்பர் 8ல் தேதியிடப்பட்டது. தீமையால் வெல்லப்படாமல் நன்மையால் அதை வெல்லுமாறு உரோமையருக்குப் பவுலடியார் சொன்னதே அதன் கருப்பொருள். அலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால் அந்த வாரத்தில் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டியவர்கள், பெயர் தெரியாத உடல்களைத் தூக்கியவர்கள், எந்தச் சமயம் என்று கேளாமல் கோவில் கூடங்களையும் பள்ளி வகுப்பறைகளையும் திறந்துவிட்டவர்கள் அந்தச் செய்தியைப் படித்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆண்டின் கடைசி மாலையில் ‘தே தேயும்’ என்ற நன்றிப்பண் பாடுவது திருஅவையின் பழைய வழக்கம். 2022 டிசம்பர் 31 காலையில் திருத்தந்தை 16ம் பெனடிக்ட் இறந்தார். அன்று மாலை புனித பேதுரு பெருங்கோவிலில் திருத்தந்தை பிரான்சிஸ் வழக்கம்போல் மாலைப் புகழ்மாலையையும் நன்றிப்பண்ணையும் நடத்தினார். துக்கத்துக்காக அது நிறுத்தப்படவில்லை. இறந்தவருக்காகவும் அங்கே நன்றி சொல்லப்பட்டது.

கடைசியாக அகுஸ்தினாரிடம் திரும்புவோம். அவர் அந்த நீண்ட மறையுரையை ஆற்றி மூன்றே ஆண்டுகளில், 406 டிசம்பர் 31ல், வாண்டல்களும் ஆலன்களும் சுவேபியரும் ரைன் ஆற்றைக் கடந்து உரோமைப் பேரரசுக்குள் புகுந்தார்கள் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. அவர்கள் கையில் வீழ்ந்த நகரங்களில் மைன்சும் ஒன்று. அங்கே கோவிலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டதாகப் புனித எரோணிமுஸ் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அகுஸ்தினாரின் புத்தாண்டு மறையுரை ஏறத்தாழப் பதினாறு நூற்றாண்டுகள் கழித்து முழுமையாகக் கண்டெடுக்கப்பட்டது அதே மைன்ஸ் நகரில்தான்.

வாண்டல்கள் காலியா, ஸ்பெயின் வழியாக 429ல் ஆப்பிரிக்காவுக்கு வந்தார்கள். 430ல் அகுஸ்தினாரின் ஹிப்போ நகரை முற்றுகையிட்டார்கள். 75 வயது ஆயர். சுற்றியுள்ள ஊர்களின் அகதிகளும் ஆயர்களும் நகருக்குள் அடைந்து கிடந்தார்கள். அவரோடு இருந்த ஆயர் பொசிதியுஸ் அந்த நாள்களை எழுதி வைத்திருக்கிறார். உணவு மேசையில் அகுஸ்தினார் அவர்களிடம் தாம் மூன்றில் ஒன்றைக் கேட்டு மன்றாடுவதாகச் சொன்னாராம். இறைவன் இந்த நகரை விடுவிக்க வேண்டும். அது அவர் திருவுளம் இல்லையென்றால், அவர் விருப்பத்தைத் தாங்கும் பலத்தைத் தம் ஊழியர்களுக்குத் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், தம்மை இவ்வுலகிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் அதே மன்றாட்டில் சேர்ந்துகொண்டார்கள். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அவர் காய்ச்சலில் படுத்தார். மனம் வருந்தும் திருப்பாடல்களை எழுதிப் படுக்கைக்கு எதிரே சுவரில் ஒட்டச் சொல்லி, அவற்றைப் பார்த்து வாசித்து அழுதபடி கிடந்தார். ஆகஸ்ட் 28ல் இறந்தார்.

அந்நேரம் பேரரசர் இரண்டாம் தெயோதோசியுஸ் ஒரு பொதுச்சங்கத்துக்கு அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தார். ஹிப்போவின் ஆயருக்கும் ஓர் அழைப்பு எழுதப்பட்டது. தூதர் அதோடு கார்த்தேஜ் வந்து சேர்ந்தபோதுதான், பெறவேண்டியவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தது. 431 ஜூன் 22ல் அவர் இல்லாமலே எபேசு நகரில் சங்கம் கூடியது. மரியா இறைவனின் தாய் என்ற பெயரை அது உறுதி செய்தது. இரவாகிவிட்டது. வெளியே காத்திருந்த மக்கள் தீப்பந்தங்களை ஏந்தி, ஆயர்களைத் தங்குமிடம்வரை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். ஜனவரி முதல் நாள் நள்ளிரவில் நம் பங்கில் கொண்டாடப்போகும் பெருவிழாவின் பெயர் அந்த இரவில் எபேசின் தெருக்களில் முழங்கியது.